கோபோலி ஏற்றத்தில் ஒரு நடுக்கம்

மும்பையிலிருந்து புனே செல்ல இன்று இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று, 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச் சாலை. மற்றொன்று, பன்வேல், சௌக், காலாப்பூர், கோபோலி என்று ஊர் ஊராகத் தொட்டுச் செல்லும் பழைய சாலை. அவசரம் உள்ளவர்கள் முன்னதில் செல்கின்றனர். லாரிக்காரர்களும், இருசக்கர வாகனத்தாரும், பழைய நினைவுகளைச் சுமந்து திரிபவர்களும் பின்னதில் செல்கின்றனர். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாங்கள் பழைய சாலையில் சென்றதற்கு என் தந்தையாரே காரணம். சிங்ரோபாவுக்கு ஒரு நாணயம் போடாமல் அவர் அந்த மலையை ஒருநாளும் ஏறியதில்லை.

தந்தையார் 1971 முதல் 2006 வரை இந்நகரில் டாக்ஸி ஓட்டியவர். பிரீமியர் பத்மினி வண்டிகளை அறியாத மும்பைத் தமிழ்க் குடும்பம் உண்டா? குர்லாவில் உருவாகி, கறுப்பும் மஞ்சளுமாக இந்நகரின் தெருக்களை நிறைத்திருந்த அந்த டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. தந்தையார் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவருக்கு வயது 77. செவி கேட்பதில்லை. கருவி வாங்கிக் கொடுத்தோம். சாலையில் இறங்கியதும் எல்லா ஓசைகளும் ஒன்றாய்க் குழம்புகின்றன என்று சொல்லிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

சயான் கோலிவாடாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதுவரை வாடகைக்குக் கிடைத்த வீடு நான்காம் மாடியில்; மின்தூக்கி இல்லை. ஆகவே, கட்டடம் எழும்பும் வரை தந்தையார் பிம்ப்ரியில் உள்ள என் தங்கை வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. மூன்று ஆண்டு என்பது ஒப்பந்தம். மும்பைக் கட்டட ஒப்பந்தங்களின் ஆண்டுக் கணக்கு பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பதை நம் அன்பர்கள் அறிவார்கள். அவருடைய டிரங்குப் பெட்டி, மருந்துகள், அம்மாவின் படம் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வயதான சிறிய பெட்ரோல் கார், மூன்று சிலிண்டர். ஒரு மாத காலமாக அதற்கு ஒரு நோய் கண்டிருந்தது. நிற்கும்போது அமைதியாக இருக்கும். சமதளத்தில் மெல்லச் சென்றாலும் குறையில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்திய மாத்திரத்தில், குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல் உடல் முழுவதும் நடுங்கும். எங்கள் பகுதியில் ஒரு மோட்டார் பட்டறையில் காட்டினேன். அவர்கள் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளை மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. சக்கரங்களைச் சமன் செய்தார்கள். அப்போதும் போகவில்லை. மொத்தம் 11,400 ரூபாய் பெற்றுக்கொண்டபின், "எஞ்சினே தளர்ந்துவிட்டது, கிடைத்த விலைக்கு விற்றுவிடுவது நல்லது" என்றார்கள். அவர்களே வாங்குவதற்கு ஓர் ஆளையும் காட்டினார்கள். அந்த மனிதர் சொன்ன விலையைக் கேட்டபோது வண்டியோடு நானும் நடுங்கினேன். ஆயினும், புனேயிலிருந்து திரும்பியதும் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

இவற்றில் எதையும் தந்தையாரிடம் நான் கூறவில்லை. முப்பத்தைந்து ஆண்டு வண்டி ஓட்டியவரிடம் ஏன் கேட்கவில்லை என்றால், காது கேளாதவர் எஞ்சினைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

வாஷிப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி முதல் முறை நடுங்கியது. தந்தையார் முன்னிருக்கையில் இருந்தார். ஒன்றும் சொல்லாமல், வலது உள்ளங்கையை முன்பலகையின்மேல் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றினார். பன்வேல் தாண்டும் வரை அப்படியே இருந்தார். பிறகு, "எத்தனை நாளாக?" என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன்.

அதன்பின் காலாப்பூர் வரையில் நடந்தது ஒரு பாடம். அதை அப்படியே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் பலர் ஆண்டுக்கொருமுறை சொந்த ஊருக்கே காரில் செல்பவர்கள்.

சாலை காலியாக இருந்த இடத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போகச் சொன்னார். நடுங்கியது. "இப்போது காலை எடு" என்றார். எடுத்தேன். வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, நடுக்கம் மட்டும் நின்றது. சக்கரத்திலோ டயரிலோ குறையிருந்தால், காலை எடுத்தாலும் அந்த வேகம் குறையும் வரை நடுக்கம் தொடரும். எனவே, சக்கரம் சமன் செய்யக் கொடுத்த பணம் வீண் என்பது அங்கேயே தெரிந்தது. அடுத்தது கிளட்ச். கிளட்ச் தேய்ந்தோ எண்ணெய் பட்டோ இருந்தால், வண்டியை நிலையிலிருந்து கிளப்பும்போது, மிதியை விடும் அந்தச் சில கணங்களில்தான் உதறும். முழுவதும் விட்டபின் மூன்றாம் கியரில் உதறுவதற்கு அது காரணமாகாது. எங்கள் வண்டி கிளம்பும்போது பட்டுப்போல் கிளம்பியது.

மூன்றாவது சோதனையை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஒரே வேகத்தில், ஐம்பதில், மூன்றாம் கியரில் சிறிது தூரமும் நான்காம் கியரில் சிறிது தூரமும் ஓட்டச் சொன்னார். சாலையில் வேகம் ஒன்றுதான்; எஞ்சினின் சுழற்சிதான் வேறு. நடுக்கத்தின் தாளம் கியரோடு மாறினால் நோய் எஞ்சினில் இருக்கிறது. மாறாமல் சக்கரத்தின் ஓட்டத்தோடு ஒட்டி நின்றால், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். எங்களுக்குத் தாளம் மாறியது. "அதுவும் ஒழுங்கான தாளம் இல்லை. இரண்டு அடி அடித்து ஓர் அடி விட்டு விட்டு வருகிறது. ஒரு சிலிண்டர் சில சமயம் வேலை செய்யவில்லை" என்றார். உள்ளங்கையால் அறிந்து சொன்னார்.

பெட்ரோல் போதாமல் இருந்தாலும் வண்டி திணறும். அடைபட்ட வடிகட்டியோ, சோர்ந்த பம்போ இருந்தால், முதலில் இழுத்து, கால் அழுந்தி இருக்க இருக்க மூச்சு வாங்குவதுபோல் வலுக் குறையும். எங்களுடையது கால் வைத்த உடனேயே உதறியது. எனவே, தீப்பொறியின் பக்கமே அவர் நாட்டம் சென்றது.

கோபோலியைக் கடந்து மலை தொடங்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு, எஞ்சின் உருவம் வரைந்த அந்த விளக்கு, மின்மினிபோல் விட்டு விட்டு எரிந்தது. மழையும் வலுத்தது. இது போர்காட் என்னும் கணவாய். நம் மொழியின் போருக்கும் இப்பெயருக்கும் உறவில்லை. அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் லோணாவளாவைச் சில கிலோமீட்டர் வளைவுகளில் எட்டிப் பிடிக்க வேண்டும். பின்னால் லாரிகள். தந்தையார் என் தோளைத் தொட்டு, "திருப்பு" என்றார். அகலமான ஓரிடத்தில் திருப்பி, கால் வைக்காமலே இறக்கத்தில் உருண்டு, கோபோலியில் சாலையோரம் இருந்த ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் நிறுத்தினோம்.

அங்கிருந்த இளைஞருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. என்ன கோளாறு என்று கேட்டார். பட்டறையில் கற்ற பழக்கத்தில் நான், "எஞ்சின் மவுண்டிங்..." என்று தொடங்கினேன். தந்தையார் கையமர்த்திவிட்டு, "காடி ஓடத் நாஹீ" என்றார். நம் காதுக்கு இது 'ஓடாது' என்பதுபோல் விழும். மராத்தியில் 'இழுப்பதில்லை' என்று பொருள். பிறகு, எப்போது நடுங்குகிறது, எப்போது நடுங்குவதில்லை என்பதை மட்டும் வரிசையாகச் சொன்னார். காரணம் என்று ஒன்றும் சொல்லவில்லை. இளைஞர் தலையசைத்து, "மிஸ்ஸிங்" என்றார். கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை எந்தப் பட்டறையிலும் புரியும் சொல் அது. இந்தியில் 'ஜட்கா', மராத்தியில் 'தக்கா' என்று அந்த உதறலைச் சொல்வார்கள். இவ்விரு சொற்களையும் நம் பெண்மணிகளும் அறிந்து வைத்திருப்பது நலம்.

இளைஞர் ஒரு சிறு கருவியைக் காரின் திசைமாற்றிக்குக் கீழே செருகித் தம் கைபேசியைப் பார்த்தார். பி0302 என்ற குறி வந்தது. கடைசி எண் சிலிண்டரைக் குறிப்பது. இரண்டாம் சிலிண்டர் தீப்பற்றாமல் போகிறது என்று அர்த்தம். மூவாயிரம் சுழற்சியில் ஓடும் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு நொடிக்கும் எழுபத்தைந்து முறை தீ மூள வேண்டும். அதில் மூன்றில் ஒன்று தவறினால் மற்ற இரண்டும் அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்கின்றன. நாம் உணரும் நடுக்கம் அதுதான். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும். விட்டு விட்டு எரிந்தால் உடனே கால் எடுக்க வேண்டும் என்று இளைஞர் சொன்னார். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்பு உறுப்புக்குச் சென்று அங்கே எரிந்து அதைப் பாழாக்கிவிடுமாம். அதன் விலை எங்கள் வண்டிக்குக் கிடைக்கவிருந்த விலையில் பாதி!

ஆனால், இரண்டாம் சிலிண்டர் என்று தெரிந்ததே ஒழிய, அதில் எது கெட்டது என்பது தெரியவில்லை. பிளக்கா, அதன் தலைமேல் உட்கார்ந்து மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா? இளைஞர், புதுக் காயில் வாங்கிவிடலாம் என்றார். தந்தையார் ஒப்பவில்லை. "பாளா, இரண்டாவதை மூன்றாவதில் மாட்டு, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டு" என்றார். மாற்றி மாட்டி, பட்டறைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒரு முறை மெல்ல ஏற்றி இறக்கினார்கள். இப்போது பி0303 வந்தது. குறை காயிலோடு கூடவே சென்றுவிட்டது. காயில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இளைஞர் சிரித்துக்கொண்டே, "காகா எந்தப் பட்டறையில் இருந்தீர்கள்?" என்று கேட்டார். தந்தையாருக்குக் கேட்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில் காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை போன்ற வெடிப்பும், அதன் வழியே ஒரு கரிக்கோடும் இருந்தன. அந்தக் கோடு மின்சாரம் போன பாதை. காலை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் மிகுதியாகப் புகுகின்றன, அமுக்கம் கூடுகிறது, அந்த அடர்த்தியைத் தாண்டிப் பொறி குதிக்க மிகுந்த வோல்ட் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட, ஈரமான வெடிப்பின் வழியாக எஞ்சினின் இரும்புக்கு ஓடிவிடுவது எளிதென்று அவ்வழியே போய்விடுகிறது. நிற்கும் வண்டியில் அமுக்கம் குறைவு. பொறி ஒழுங்காக விழும். எங்கள் பகுதிப் பட்டறையில் வண்டியை நிறுத்தி வைத்துக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு அது பிடிபடாமல் போனதில் வியப்பில்லை. ஒருவரும் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கவில்லை.

அந்நாள் பத்மினியில் இதைக் காண்பது எளிது என்று தந்தையார் கூறினார். இரவில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், ஈரம் புகுந்த பிளக் கம்பிகளின்மீது நீல ஒளி பாம்புபோல் நெளிவது கண்ணுக்கே தெரியுமாம். மழைக்காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைக்க ஒரு உலர்ந்த துணியை எப்போதும் இருக்கைக்கு அடியில் வைத்திருப்பாராம். கோடையில் இதே மலையில் பெட்ரோல் பம்ப் சூடேறி அடைத்துக்கொள்ளும்; அதற்கு நனைத்த துணி வேறு. ஒரு துணி நனைக்க, ஒரு துணி உலர்த்த என்று இரண்டு துணியில் முப்பத்தைந்து ஆண்டு ஓட்டியவர்!

அந்த மாதிரிக் காயில் கோபோலிக் கடைவீதியில் இல்லை. பன்வேலிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவர வேண்டியதாயிற்று. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்த மழையில் கோபோலி காணத்தக்க ஊர். லோணாவளாவைச் சுற்றி டாட்டா நிறுவனத்தார் தேக்கிய ஏரிகளின் நீர் பெருங்குழாய்களின் வழியே மலையிலிருந்து இறங்கி இங்கேதான் விசைப்பொறிகளைச் சுழற்றுகிறது. 1915ஆம் ஆண்டு முதல் பம்பாயின் ஆலைகளுக்கு மின்சாரம் சென்றது இவ்விடத்திலிருந்து. மலையின் மறுபக்கத்தில் ரயில் பாதை. 1863இல் திறக்கப்பட்ட அப்பாதையில் முப்பத்தேழு அடி ஓடினால் ஓரடி ஏற்றம். கர்ஜத் நிலையத்தில் ரயில்களின் பின்னால் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டி லோணாவளா வரை தள்ளிவிடுகிறார்கள். சென்னை செல்லும் வண்டிகளில் நாம் கர்ஜத்தில் வடா பாவ் தின்றுகொண்டிருக்கும் சில நிமிடங்களில் நடப்பது இதுதான்.

காயிலுக்குக் காத்திருந்தபோது தந்தையார் சும்மா இருக்கவில்லை. ஒரு காயில் மட்டும் ஏன் கெட வேண்டும் என்று அவருக்குச் சமாதானமாகவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு குவளை நீரை முன்கண்ணாடியின்மேல் ஊற்றச் சொன்னார். கண்ணாடியின் அடியில் மழைநீர் வடிந்து பக்கவாட்டில் வெளியேற ஒரு பள்ளம் உண்டு. நீர் அதில் ஓடாமல் தேங்கி, விளிம்பு தாண்டி, சொட்டுச் சொட்டாக எஞ்சின்மேல், சரியாக இரண்டாம் காயிலின் தலையில் விழுந்தது. பள்ளத்தில் கையை விட்டார். அடை அடையாக மக்கிய இலைகள் வந்தன. எங்கள் கட்டடத்து வாசலில் நிழலுக்காக நான் வண்டியை நிறுத்தி வைக்கும் மரத்தின் இலைகள். புதுக் காயில் போட்டிருந்தாலும் அடுத்த மழைக்காலத்தில் இதே கதைதான் நடந்திருக்கும்.

பிளக்குகள் மூன்றையும் மாற்றினோம். சாதாரண நிக்கல் பிளக்குகளை ஏறக்குறைய நாற்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். என்னுடையவை அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தன. முனை தேய்ந்து இடைவெளி அகன்றால் காயிலுக்கு அதிகப்படி உழைப்பு. இந்தக் குற்றம் முழுவதும் என்னுடையது. பட்டறைக்காரர்மேல் போட முடியாது. காயிலும் பிளக்கும் கூலியும் சேர்த்து 2,900 ரூபாய் ஆயிற்று. இளைஞர் கூலியாகக் கேட்டது முந்நூறு. தந்தையார் ஐந்நூறாகக் கொடுத்தார்.

மாலை ஐந்து மணிக்கு மீண்டும் மலையேறினோம். வண்டி இழுத்தது. தந்தையாரின் உள்ளங்கை முன்பலகையிலேயே இருந்தது. முதல் வளைவைத் தாண்டியபின் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிங்ரோபாவின் சிறு கோயில் பழைய சாலையின் ஓரத்தில் உள்ளது. சிங்ரோபா ஒரு தன்கர், அதாவது ஆடு மேய்ப்பவர். மலையைக் கடக்க வழி தெரியாமல் திகைத்த வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்குத் தன் ஆடுகள் செல்லும் தடத்தைக் காட்டினாராம். என்ன பரிசு வேண்டும் என்றதற்கு, என் நாட்டுக்கு விடுதலை வேண்டும் என்றாராம், சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். ஏட்டில் உள்ள வரலாறு, 1830இல் கவர்னர் ஜான் மால்கமின் காலத்தில் இக்கணவாயில் வண்டிப் பாதை திறக்கப்பட்டது என்பதோடு நிற்கிறது. ஓட்டுநர்கள் அவருக்கு நாணயம் போட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். தந்தையார் இறங்கி, நனைந்துகொண்டே சென்று, ஐந்து ரூபாய் போட்டுவிட்டு வந்தார்.

சிறிது மேலே பழைய சாலை விரைவுச் சாலையோடு கலந்து கொஞ்ச தூரம் செல்கிறது. அங்கே அமிர்தாஞ்சன் பாலம் என்று ஒரு கல்பாலம் இருந்தது. 1830ஆம் ஆண்டுக் கட்டுமானம். அருகே இருந்த தைல விளம்பரத்தால் அப்பெயர் பெற்றது. பம்பாயில் 1893இல் பிறந்து, 1914இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த தைலம் அது. நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். அது வடக்கிலிருந்து தெற்கே சென்றது. பாலத்தை 2020 ஏப்ரலில் வெடிவைத்து இடித்துவிட்டார்கள். தந்தையார் அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். மேகம்தான் இருந்தது.

பிம்ப்ரியை அடைய இரவு எட்டாயிற்று. விலை பேசியிருந்த மனிதர் மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன்.

இப்போது மாதம் இருமுறை அந்தப் பழைய சாலையில் புனே சென்று வருகிறேன். ஞாயிறுதோறும் தங்கை தொலைபேசியில் பேசும்போது, பள்ளத்தில் இலை எடுத்தாயா என்று அப்பா கேட்கச் சொன்னார் என்கிறாள். எடுத்தேன் என்கிறேன். பெரும்பாலும் அது உண்மை.